மூலம் எங்கே?

“ஐயா, இந்த வரிக்கு மூலம் எது?”

சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுதில், என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இப்படிக் கேட்டார் ஓர் இளம்பெண். முனைவர் பட்டத்திற்காக முதல் மொழிப்போரை ஆராய்பவர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரின் பேத்தி. அவர் கையில் பழுப்பேறிய மலர் ஒன்று. அம்மலரில் ஒரு கட்டுரை. அக்கட்டுரையின் கீழே என் பெயர்! 1972ஆம் ஆண்டில், கல்லூரி மாணவனாக இருந்தபோது நான் எழுதியது. அதில் ஒரு வரியின் கீழ் சிவப்புக் கோடு இழுத்திருந்தார்.

கோட்டைக் கண்டேன், என் குற்றத்தையும் கண்டேன். பழி சுமத்த அவர் கேட்கவில்லை. வழி அறியக் கேட்டார். வழி காட்ட என்னால் இயலவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஊரில் உலவிவந்த ஒரு வரி, ‘நீ எந்த வீட்டுப் பிள்ளை?’ என்று கேட்டதும் விடையின்றி விழித்தது. அதை எழுதியவனும் விழித்தான்.

நண்பர்களே! அந்த விழிப்பின் கதைதான் இது. படித்தவர்கள் பட்டம் பெறுவதற்காகச் செய்யும் சடங்கு என்று நாம் ஒதுக்கிவிடும் அடிக்குறிப்பு, உண்மையில் யாருக்காக இருக்கிறது என்பதை நான் காலங்கடந்து கற்ற கதை.

மூலக்கொத்தளம் எங்கள் பகுதி. வடசென்னையில், வால்டாக்ஸ் சாலையும் பேசின் பாலமும் நெருங்கும் இடத்தில், இரயில் பாதைகளின் இரைச்சலோடு வாழும் ஊர். பழைய கறுப்பர் நகரத்தைக் காத்த மதிலின் மூலையில் நின்ற கொத்தளமே பெயருக்குக் காரணம் என்று சிறுவயதில் எனக்குச் சொன்னார்கள். யார் சொன்னார்கள்? நினைவில்லை. பாருங்கள், ஊர்ப் பெயரிலேயே ‘மூலம்’ இருக்கிறது. அந்தப் பெயருக்கே மூலம் காட்ட முடியாதவனாக நான் வளர்ந்திருக்கிறேன்!

ஊரின் பெருமை கொத்தளத்தில் இல்லை, இடுகாட்டில் இருக்கிறது. அன்றைய சென்னை மாகாண அரசு 1938 ஏப்ரல் 21இல் ஆணை ஒன்றைப் பிறப்பித்து, 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிற்று. எதிர்த்து எழுந்தது தமிழகம். சௌகார்பேட்டையில் இந்து தியாலஜிகல் பள்ளியின் முன் மறியல் நடந்தது. அணி அணியாகச் சிறை சென்றனர். சிறை சென்றவர்களில் நடராசன் 1939 சனவரி 15இல் மறைந்தார். தாளமுத்து அதே ஆண்டு மார்ச்சில் மறைந்தார். கட்டாய ஆணை 1940 பிப்ரவரி 21இல் திரும்பப் பெறப்பட்டது. அந்தச் செய்தியைக் கேட்க இருவரும் இல்லை. இருவரும் எங்கள் மூலக்கொத்தளத்து மண்ணில் உறங்கினார்கள். 1938 நவம்பர் 13இல், வால்டாக்ஸ் சாலை ஒற்றைவாடை அரங்கில் கூடிய பெண்கள் மாநாட்டில் முன்னின்ற டாக்டர் தருமாம்பாளும் பின்னாளில் அவர்களுக்கு அருகிலேயே துயில் கொண்டார். ஆண்டுதோறும் சனவரி 25, மொழிப்போர் ஈகியர் நாளன்று, அங்கே மலர் வளையங்கள் குவிகின்றன.

மலர் வைப்பது எளிது. வரலாறு எழுதுவது அத்துணை எளிதன்று. அதை அறியாத இருபது வயதில்தான் நான் எழுதுகோலை எடுத்தேன்.

கட்டுரைப் போட்டி ஒன்று அறிவித்திருந்தார்கள். ‘என் ஊரில் உறங்கும் வீரர்களைப் பற்றி நான் எழுதாமல் வேறு யார் எழுதுவது?’ என்ற எக்களிப்பு எனக்கு. சிறு வெளியீடு ஒன்று கிடைத்தது. அதன் நடை எனக்குப் பிடித்தது. பத்திகளை அப்படியே எடுத்துக்கொண்டேன். அதன் ஆசிரியர் பெயரை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை! தாளமுத்து மறைந்தது மார்ச் 12 என்று அதில் இருந்தது. நானும் அப்படியே எழுதினேன். மற்றொரு நூலில் மார்ச் 11 என்றிருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் என்ன செய்தேன்? அந்த நூலை மூடி வைத்தேன். முரண் தெரிந்தால் முழக்கத்தின் ஓசை குறையும் என்று எண்ணிய வயது!

இன்றும் நூல்கள் இந்த ஒரு நாளில் வேறுபட்டே நிற்கின்றன. ஒருவர் 11 என்பார். ஒருவர் 12 என்பார். ஒருநாள் வேறுபாடுதானே என்று நீங்கள் கேட்கலாம். வேறுபாடு குற்றமன்று. இறந்த நாளை ஒருவர் எழுதுவார். அடக்கம் செய்த நாளை ஒருவர் எழுதுவார். செய்தித்தாளில் அச்சான நாளை மற்றொருவர் எழுதுவார். எவர் எதைப் பார்த்து எழுதினார் என்ற குறிப்பு இருந்தால் முடிச்சு ஒரு நொடியில் அவிழும். குறிப்பு இல்லாவிட்டால் முடிச்சின்மேல் முடிச்சு. மறைவுக்கு நோயே காரணம் என்றது அன்றைய அரசு. சிறைக்கொடுமையே காரணம் என்றனர் போராளிகள். இப்படி இரு தரப்பு மோதும் வரலாற்றில், நம் தரப்பு தன் நாள் கணக்குக்கே சான்று காட்டாவிட்டால், எதிர்த் தரப்பு எதைப் பிடித்துக்கொள்ளும்? ‘ஒரு நாளைச் சரியாக எழுதத் தெரியாதவர்கள், மற்றதை மட்டும் சரியாகவா எழுதியிருப்பார்கள்?’ என்றுதானே கேட்கும்!

அக்காலத்தில் சான்று தேட வழி இல்லாமல் இல்லை. 1958இல் தொடங்கப்பெற்ற மறைமலையடிகள் நூல்நிலையம் அப்போது லிங்கிச் செட்டித் தெருவில் இருந்தது. என் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். எழும்பூரில் ஆவணக் காப்பகம் இருந்தது. கன்னிமாரா நூலகம் இருந்தது. கால்கள் இருந்தன, கருத்துத்தான் இல்லை.

இவையெல்லாம் திருத்திக்கொள்ளக்கூடிய பிழைகள். திருத்த முடியாத பிழை ஒன்று உண்டு. சிவப்புக் கோடு விழுந்தது அதன்மேல்தான்.

எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையில் ஒரு பெரியவர் அமர்ந்திருப்பார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். ஊரே அவரை ‘மேஸ்திரி’ என்றழைக்கும். நான் அந்தக் கட்டுரைக்காகக் குறிப்பெடுப்பதை அறிந்து, ஒருநாள் என்னை அருகழைத்தார். 1939இல் அந்த இறுதி ஊர்வலத்தில் தாம் நடந்ததையும், தம் கண்ணால் கண்ட ஒரு காட்சியையும் கூறினார். “எழுதிக்கோ தம்பி! நான் கண்ணால பாத்தது, கதை இல்ல” என்று இருமுறை சொன்னார்.

எழுதிக்கொண்டேன். எப்படி எழுதினேன் தெரியுமா? அவர் கூறியதை ஒரு வரியாக்கி, வரியின் முடிவில் ‘என்று கூறுவர்’ என்று முடித்தேன்.

கூறுவர்! யார் கூறுவர்? ஊரும் பேரும் உயிரும் உடைய ஒருவர், தேநீர்க் குவளையோடு என் எதிரில் அமர்ந்து, ‘நான் பார்த்தேன்’ என்று சாட்சி சொன்னார். அவரை நான் காற்றில் கரைத்துவிட்டேன். சிறு வெளியீட்டின் சொல்லைத் திருடியது ஒரு குற்றம் என்றால், ஒரு மனிதனின் சாட்சியை அனாதையாக்கியது அதனினும் பெரிய குற்றம். அவர் பெயர் என்ன என்று நான் கேட்கவே இல்லை. மேஸ்திரி என்றால் போதாதா என்று நினைத்தேன். புலவர் ஒருவர் அதே செய்தியைச் சொல்லியிருந்தால், அவர் பட்டங்களையெல்லாம் பெயருக்கு முன் அடுக்கி எழுதியிருப்பேன். மூட்டை தூக்கியவர் சொன்னதால் ‘கூறுவர்’ போதுமென்று விட்டுவிட்டேன். சமத்துவம் பேசிய என் எழுதுகோல், அந்த ஒரு சொல்லில் சாதி பார்த்தது போலல்லவா ஆயிற்று!

கட்டுரைக்குப் பரிசு கிடைத்தது. மலரில் அச்சேறியது. அதன்பின் நடந்ததை அந்த மாணவி எனக்கு விளக்கினார். என் வரியை ஒருவர் தம் நூலில் எடுத்தெழுதினார், ‘என்பர்’ என்றார். அவரைப் பார்த்து மற்றொருவர் எழுதினார். ‘அனைவரும் அறிந்ததே’ என்றார். மூன்றாமவர் இவ்விருவரையும் மேற்கோள் காட்டி, ‘பலரும் ஒருமுகமாகக் கூறுவதால் இது உறுதி’ என்றார். பார்த்தீர்களா வளர்ச்சியை! மூன்று நூல்கள் நிற்கின்றன. மூன்று சாட்சிகள் போலத் தோன்றுகின்றன. பின்னோக்கிப் போனால் இருப்பது ஒரே வாய். அந்த வாய்க்கும் பெயரில்லை. ஐயத்தோடு புறப்பட்ட சொல், வழிநெடுக உறுதியை வாங்கிச் சேர்த்துக்கொண்டு வந்துவிட்டது.

“ஐயா, புராணம் இப்படித்தானே பிறக்கிறது?” என்றார் அந்த மாணவி.

நெஞ்சில் தைத்தது அச்சொல். ‘எங்கே சான்று? எவர் பார்த்தார்? எந்த ஆண்டு?’ என்று புராணங்களைப் பார்த்துக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தக் கேள்வியை என்னிடம் யாரேனும் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வேன் என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. பிறரிடம் கேட்கும் கேள்விக்குத் தானும் விடை சொல்வதுதானே பகுத்தறிவின் முதல் ஒழுக்கம்?

சான்று காட்டும் வழக்கம் மேனாட்டார் தந்தது, நமக்குப் புதியது என்று சிலர் கூறுவதுண்டு. அதுவும் பொய். தொல்காப்பியத்தைத் திறந்து பாருங்கள். ‘என்ப’, ‘என்மனார்’ என்று முன்னோர்மேல் ஏற்றிச் சொல்லும் முறை நூல் முழுதும் விரவிக் கிடக்கிறது. இது என் கண்டுபிடிப்பன்று, எனக்கு முன்னோர் சொன்னது என்று ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மை அது. பிறர் உடன்பட்டதைத் தானும் உடன்படுதல் என்பதை நூல் உத்திகளுள் ஒன்றாகவே இலக்கணம் எண்ணிற்று. நூலை முதல்நூல், வழிநூல் என்று பிரித்ததும், ‘நீ எங்கிருந்து வந்தாய்?’ என்று நூலைக் கேட்பதுதானே! பிறர் பாடலைத் தன் பாடலாகக் காட்டுபவனுக்குப் பாட்டியல் நூல்கள் ஒரு பெயரும் சூட்டியிருக்கின்றன: கள்ளக்கவி. திருட்டுக்குத் தனிப்பெயர் வைத்த மொழிக்கா சான்று காட்டல் புதிது?

சிலப்பதிகாரத்திற்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லாரை எண்ணிப் பாருங்கள். இசையையும் கூத்தையும் விளக்கப் புகுந்தவர், எந்தெந்த நூல்களைக் கொண்டு உரை வகுத்தேன் என்று பெயர் சொன்னார்: இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் நூல். அவர் ‘என்று கூறுவர்’ என்று என்னைப்போல் எழுதிச் சென்றிருந்தால், இப்படி நூல்கள் இருந்தன என்பதே நமக்குத் தெரிந்திராது. பெயர் தெரிந்ததால்தான், பிற்காலத்தில் ஏட்டுச்சுவடி ஒன்று கிடைத்தபோது, ‘இதுதான் அந்தப் பஞ்சமரபு’ என்று அடையாளம் காண முடிந்தது. 1970களில் அது அச்சும் ஏறியது. மயிலை சீனி. வேங்கடசாமி ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்றொரு நூலை எழுதினார். மறைந்த நூல்களைப் பற்றி எதைக்கொண்டு எழுதினார்? உரையாசிரியர்கள் காட்டிச் சென்ற மேற்கோள்களைக் கொண்டு! நூலைக் கரையான் தின்றது. மேற்கோளைத் தின்ன முடியவில்லை. ஒரு பெயரைக் குறித்து வைப்பது, அழிவோடு போரிடும் ஆயுதம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

நம் காலத்திலும் நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1974இல் வே. ஆனைமுத்து ‘பெரியார் ஈ.வெ.ரா. சிந்தனைகள்’ தொகுதிகளை வெளியிட்டார். ‘குடிஅரசு’, ‘விடுதலை’ என்று இதழின் பெயரும், வெளிவந்த நாளும் காட்டித் தொகுத்தார். பெரியார் சொன்னார் என்று எவர் எதைக் கூறினாலும், ‘எந்த இதழ்? எந்த நாள்?’ என்று கேட்கும் உரிமையை அத்தொகுப்பு நமக்குத் தந்தது. சொல்லாததைச் சொன்னதாகக் காட்டும் பகைவனையும், சொல்லாததைச் சொன்னதாகப் போற்றும் அன்பனையும் ஒருசேரத் தடுத்து நிறுத்துவது அந்தச் சிறு குறிப்புத்தான்.

இன்று பல்கலைக்கழகங்களில் இதற்குச் சட்டமே இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளை வகுத்தது. ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் 6 மாதத்திற்குள் திருத்தித் தரவேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைத் தர இயலாது. 60ஐக் கடந்தால் பதிவே நீக்கம். கணிப்பொறி ஒப்பிட்டுச் சொல்கிறது. நல்லதே. ஆனால் என் கட்டுரையை அந்தக் கணிப்பொறியில் இட்டால், சிறு வெளியீட்டிலிருந்து நான் திருடிய பத்திகளை அது பிடிக்கலாம். மேஸ்திரியிடமிருந்து நான் பறித்த பெயரைப் பிடிக்குமா? சொல்லை எண்ணும் பொறிக்கு நன்றியை எண்ணத் தெரியாது. இன்னொரு விந்தையும் இன்று நிகழ்கிறது. கட்டுரை எழுதித் தரும் செயற்கை அறிவுப் பொறிகள், இல்லாத நூலுக்கு ஆசிரியரும் ஆண்டும் பக்க எண்ணும் படைத்துத் தருவதுண்டு. ஆகவே குறிப்பு இருப்பது மட்டும் போதாது. குறித்தவன் அந்தப் பக்கத்தைக் கண்ணால் கண்டிருக்க வேண்டும். காணாத நூலைக் கண்டதாகக் காட்டுவது, கண்ட நூலை மறைப்பதற்கு இளைத்த குற்றமன்று. பிறர் நூலில் மேற்கோளாகக் கண்டதை அவர் வழியாகவே கண்டேன் என்று எழுதுவதில் இழுக்கொன்றும் இல்லை.

நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் சிரித்தார். “எவர் வாயிலிருந்து வந்தாலும் மெய்ப்பொருள் காண்பதே அறிவு என்று வள்ளுவரே சொல்லிவிட்டாரே! சொன்னவர் யார் என்பது எதற்கு? அடிக்குறிப்பு என்பது படித்தவர்களின் பகட்டு. பாட்டாளி அதைப் படிப்பானா?” என்றார்.

அந்தக் கேள்வியை நான் எளிதாகத் தள்ளவில்லை. பல நாள் எண்ணினேன். பகட்டுக்காக அடிக்குறிப்பு அடுக்குவோர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால், மெய்ப்பொருளைக் காண்பது எப்படி? பொருள் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே போய்க் காணலாம்! வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கு ஐயம் வந்தால், தந்தையின் நண்பரான பேராசிரியரைக் கேட்பான். வீட்டு அலமாரியில் நூல் இருக்கும். துறைமுகத் தொழிலாளியின் பேத்திக்கு யார் இருக்கிறார்? பக்கத்தின் அடியில் இருக்கும் அந்த ஒற்றை வரிதான் இருக்கிறது. ஆசிரியர் பெயர், நூலின் பெயர், பதிப்பித்தவர், ஆண்டு, பக்கம். செய்தித்தாள் என்றால் நாள். அரசாணை என்றால் எண்ணும் துறையும். இத்தனையும் சேர்ந்து ஒரு முகவரி. அதை வைத்துக்கொண்டு அவள் எந்தப் பெரியவரின் தயவும் இன்றி நூலகத்தின் வாயிலில் நிற்கலாம். எடுத்துத் தாருங்கள் என்று கேட்கலாம். எழுதியவன் பொய் சொல்லியிருந்தால் பொய் என்று சொல்லலாம்.

‘என்னை நம்பு’ என்பவன் குருவாகிறான். ‘இதோ பார், நீயே பார்’ என்பவன் தோழனாகிறான். அடிக்குறிப்பு என்பது வாசகனைத் தோழனாக்கும் வரி. என் கட்டுரையில் அது இல்லாததால், என்னை அறியாமலே நானும் ஒரு சிறு குருவாக அரை நூற்றாண்டு வீற்றிருந்தேன்!

மாணவி வந்துபோன பிறகு, மேஸ்திரியின் பெயரைத் தேடிப் புறப்பட்டேன். தேநீர்க் கடை இருந்த இடத்தில் வேறு கட்டடம். குடிசைகள் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள். பழைய தெருக்காரர்கள் நால்வரைக் கண்டேன். மேஸ்திரியை நால்வருக்கும் நினைவிருந்தது. பெயர் ஒருவருக்கும் நினைவில்லை. ஒருவர் அவர் இருமலை நினைவுகூர்ந்தார்; ஒருவர் அவர் கட்டியிருந்த தலைப்பாகையை நினைவுகூர்ந்தார். இடுகாட்டிற்குள்ளும் சென்றேன். மொழிக்காக மறைந்தவர்களுக்குப் பெயர் இருக்கிறது, நினைவிடம் இருக்கிறது. அவர்களின் பின்னே நடந்துவந்து, கண்டதைச் சொல்லிச் சென்றவருக்கு என்ன இருக்கிறது? ‘கூறுவர்’ என்ற ஒரு சொல் இருக்கிறது. அதைத் தந்தவன் நான்.

மாணவிக்கு மடல் எழுதினேன்: “அம்மா, அந்த வரிக்கு என்னால் மூலம் காட்ட இயலாது. சொன்னவர் பொய்யர் அல்லர். ஆனால் அவரை ஊர்முன் நிறுத்த முடியாதபடி செய்தவன் நான். ஆதலால் அந்த வரியை உங்கள் ஏட்டில் சான்றாகக் கொள்ள வேண்டா. பத்திகளை எந்த வெளியீட்டிலிருந்து எடுத்தேன் என்பதை இத்துடன் எழுதியிருக்கிறேன். அந்த ஆசிரியருக்கு உரியதை அவருக்கே கொடுத்துவிடுங்கள்.” அந்த வரியை இந்தக் கட்டுரையிலும் நான் மீண்டும் எழுதவில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். எழுதினால், நாளை நீங்கள் ஒருவர் அதை எடுத்தாள்வீர்கள். அது நான்காவது சாட்சியாகிவிடும்.

ஒரு வாரத்தில் அவர் திரும்ப வந்தார். இம்முறை ஒரு சிறு ஒலிப்பதிவுக் கருவியும் குறிப்பேடும் கொண்டுவந்தார். மேஸ்திரியிடம் நான் கேட்டது எப்படி, எங்கே, எந்த ஆண்டு, என்ன எழுதினேன், என்ன எழுதாமல் விட்டேன் என்பதையெல்லாம் கேட்டுப் பதிவு செய்தார். முடிந்ததும் குறிப்பேட்டைத் திறந்தார்.

“ஐயா, உங்கள் முழுப்பெயர்?”

சொன்னேன்.

“வயது? தெரு?”

சொன்னேன். அன்றைய நாளையும் மணியையும் எழுதினார். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டு, என் கையொப்பத்தையும் வாங்கிக்கொண்டார்.

இருபது வயதில் நான் செய்யத் தவறியதை, அந்தப் பெண் ஐந்து நிமிடத்தில் செய்து முடித்தார். நாளை நான் கூறியது தவறென்று எவரேனும் மெய்ப்பிக்கலாம். மெய்ப்பிக்கட்டும்! என் பெயர் இருக்கிறது, தெரு இருக்கிறது, நாள் இருக்கிறது; வந்து மறுக்க வழி இருக்கிறது.

தோழர்களே, உங்கள் தெருமுனையிலும் ஒரு மேஸ்திரி அமர்ந்திருப்பார். அவர் சொல்வதை எழுதுமுன், அவர் பெயரை எழுதுங்கள்.